இதமாகப் பேச ஐந்து குறிப்புகள்

விஷயம் எவ்வளவு உயர்ந்ததாயினும், கேட்போர் சலித்துக்கொள்ளும் சொற்களால் அதனை உரைப்போமாயின் பிரயோஜனம் குன்றிப்போகும் என்பதை உணர்ந்தே, நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுத்த நன்னூல், கூறியது கூறலையும் மிகைபடக் கூறலையும் அவற்றுள் சேர்த்துவைத்தது.

● ‘வந்து’, ‘ஆக்சுவலா’, ‘பேசிக்கா’ என்பன வாக்கியந்தோறும் நுழைகின்றனவா என்றறிய, உங்கள் பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டு, அவை வருமிடத்தில் ஒரு கணம் மௌனமாயிருக்கப் பழகுங்கள்.

● அலுவலகக் கடிதத்தில் ‘ஆவன செய்யப்படும்’ என்று முடித்துவிடாமல், யார், எதனை, எந்தத் தேதிக்குள் செய்வார் என்பதை ஸ்பஷ்டமாக எழுதுங்கள்.

● நோயாளியின் உறவினரிடம் ‘வைட்டல்ஸ் ஸ்டேபிள்’ என்னும் வைத்தியர், ‘நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சீராக இருக்கின்றன’ என்று சொல்வாராயின், கலங்கிய மனத்துக்கு அதுவே முதல் ஆறுதலாகும். எத்தொழில் புரிவோரும் தம் தொழிற்சொல்லை இவ்வாறே விரித்துரைப்பது நலம்.

● சிநேகிதரிடையே இனிக்கும் ‘மச்சி’, ‘தல’ முதலிய விளிகளை முதல் சந்திப்பிலும், மூத்தோரிடத்திலும் தவிர்த்து, ‘ஐயா’, ‘அம்மா’ என்றே அழையுங்கள்.

● பிறர் வாயில் அடிக்கடி வரும் சொல்லொன்று உங்களுக்கு எரிச்சலூட்டினால், நாலு பேர் முன்னிலையில் சுட்டிக்காட்டி அவர் மனத்தைப் புண்படுத்தாமல், தனிமையில் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.