பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் ஊசியைக் கீழே வையுங்கள்

குடும்ப மருத்துவ ஆய்வுகளில் களப்பணி செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சர்க்கரை, மாரடைப்பு, பரம்பரை ரத்தச் சோகை என்று குடும்பம் குடும்பமாக ரத்தம் எடுத்து ஆராயும் திட்டங்களில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு நரம்பு பிடிக்கவும், குழாயில் லேபிள் ஒட்டவும், ஐஸ் பெட்டியில் அடுக்கவும் சொல்லித்தருகிறார்கள். பாட்டி, அப்பா, அம்மா எல்லாரும் வரிசையாகக் கை நீட்டிய பிறகு, பத்தாம் வகுப்புப் பையன் மட்டும் “நான் வரல” என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன செய்வது? பயிற்சியில் இதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. களத்தில் அடிக்கடி வருவதோ இதுதான்.

பதில் ஒற்றை வரிதான்: அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் ரத்தம் எடுக்கக் கூடாது. அந்த வரியைக் குடும்பத்தில் சண்டை வராமல், ஆய்வும் கெடாமல் நடைமுறைப்படுத்துவதில்தான் உங்கள் திறமை இருக்கிறது.

1. விதியை மனப்பாடமாக வைத்திருங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள்தான் உங்களுக்கு அடிப்படை. 18 வயது நிரம்பாதவர் ஆய்வில் சேர பெற்றோர் கையெழுத்து வேண்டும். அது மட்டும் போதாது, பிள்ளையின் சம்மதமும் வேண்டும். ஏழு வயதைத் தாண்டிய சிறுவர்களிடம் வாய்மொழியாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டைத் தாண்டியவர்களிடம் அவர்களுக்குப் புரியும் எளிய மொழியில் தனிப் படிவம் கொடுத்து எழுத்தில் வாங்க வேண்டும். பிள்ளை மறுத்தால் அந்த மறுப்பை மதிக்க வேண்டும்.

விதிவிலக்கு உண்டு. உயிர்காக்கும் சிகிச்சை போன்ற நேரடிப் பலன் அந்த ஆய்வுக்குள் மட்டுமே கிடைக்கும் என்றால், பிள்ளையின் சம்மதம் இல்லாமலும் சேர்க்க இடமிருக்கிறது. அதை முடிவு செய்வது மருத்துவரும் நெறிமுறைக் குழுவும். தகவலுக்காக மட்டும் ஐந்து மில்லி ரத்தம் எடுக்கும் குடும்ப ஆய்வில் இந்த விதிவிலக்குக்கு வேலையே இல்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள். பிள்ளை பேசாமல் நின்றால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க அரசின் ஆய்வு விதிகள் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கின்றன. பிள்ளை ஆர்வமாகக் கை நீட்டி, பெற்றோர் மறுத்தாலும் எடுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் சரி என்றால்தான் சரி.

2. சிகிச்சையா, ஆராய்ச்சியா? முதலிலேயே சொல்லிவிடுங்கள்

2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ரத்தச் சோகை ஒழிப்பு இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையிலான ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டது. நீலகிரியின் பழங்குடிக் கிராமங்களில் இப்படிப்பட்ட பரிசோதனை புதிதல்ல. அங்கே எடுக்கும் ரத்தம் அந்தப் பிள்ளைக்கே பயன்படும்: நோய் இருந்தால் மருந்து கிடைக்கும், தொடர் கவனிப்பு கிடைக்கும். பிள்ளை மறுத்தால் மருத்துவர் பொறுமையாகப் பேசிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கு எடுக்கும் ரத்தம் வேறு. வெள்ளைக் கோட்டும் அதே, வேனும் அதே என்பதால் வீட்டார் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவார்கள். “தம்பி, இதனால உனக்கு இன்னைக்கு எந்த வைத்தியமும் கிடைக்காது. ஆராய்ச்சிக்குத்தான் கேக்குறோம். நீ வேண்டாம்னு சொன்னாலும் அப்பாவோட சிகிச்சை அப்படியேதான் நடக்கும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தான் மறுத்தால் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் கவனிப்பு குறையுமோ என்ற பயத்திலேயே கை நீட்டும் பிள்ளைகள் உண்டு. அப்படி வாங்கும் சம்மதம் சம்மதமே ஆகாது.

3. காரணம் துருவாதீர்கள், தகவல் கொடுங்கள்

ஊசி பயம், மயக்கம் வந்துவிடுமோ என்ற கூச்சம், பொதுத்தேர்வு நெருக்கடி இவையெல்லாம் வெளியே தெரியும் காரணங்கள். வெளியே வராதவை வேறு. புகைப்பது தெரிந்துவிடுமோ என்று ஒரு பையன் பயப்படலாம். ‘நோய்க் குடும்பம்’ என்று பெயர் வந்து நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடறுமோ என்று ஒரு பெண் யோசிக்கலாம். அப்பாவுக்கு வந்த நோய் தனக்கும் வருமா என்பதை இந்த வயதில் தெரிந்துகொள்ளவே விருப்பமில்லாதவர்கள் இருக்கிறார்கள். அதுவும் மதிக்க வேண்டிய காரணம்தான்.

“ஏன் வேண்டாம்?” என்று குடும்பத்தின் நடுவே கேட்டால் பொய்தான் பதிலாக வரும். அதற்குப் பதில் மூன்று தகவல்களை ஒரே ஒருமுறை, எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள்:

எவ்வளவு ரத்தம் எடுப்போம், எத்தனை முறை எடுப்போம்.
எந்தப் பரிசோதனை செய்வோம், எதைச் செய்ய மாட்டோம்.
முடிவு யார் கைக்குப் போகும், பெற்றோருக்குச் சொல்வோமா மாட்டோமா.

இதைக் கேட்டபின் மனம் மாறினால் சரி. மாறாவிட்டால் அத்தோடு விடுங்கள். பேனா, டிபன் பாக்ஸ் போன்ற பரிசுப் பொருளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி மறுபடி கேட்பது ஆசை காட்டுவதாகும்.

4. பெற்றோர் அழுத்தும்போது பழியை விதியின் மேல் போடுங்கள்

“அவனுக்கு என்ன தெரியும், சின்னப் பையன். நான் அப்பன் சொல்றேன், எடுங்க மேடம்.” இந்த வசனம் கட்டாயம் வரும். பிள்ளையின் உரிமை என்று அவரிடம் பாடம் எடுத்தால் நீங்கள் கிளம்பியபின் பையனுக்குத்தான் திட்டு விழும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“ஐயா, உங்க கையெழுத்தும் வேணும், தம்பி சம்மதமும் வேணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னா நான் எடுக்கக் கூடாது, எடுத்தா என் வேலை போயிடும். உங்க ரத்தம், அம்மா ரத்தம் கிடைச்சதே எங்களுக்குப் பெரிய உதவி.”

குற்றவாளி இப்போது விதிதான். பையன் தப்பித்தான், அப்பாவின் மரியாதையும் குறையவில்லை. பிறகு பையனிடம், பெற்றோர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்கு எட்டாத இடத்தில் நின்று சொல்லுங்கள்: “பரவாயில்லப்பா, உன்மேல யாருக்கும் கோபம் இல்ல. எப்பவாவது கேக்கணும்னா இந்தத் தாள்ல நம்பர் இருக்கு.” வாராவாரம் போய் “யோசிச்சியா?” என்று கேட்காதீர்கள். மனம் மாறினால் அவரே கூப்பிடட்டும்.

பள்ளியில் நடக்கும் ஆய்வென்றால் தலைமையாசிரியர் அனுமதி கூடுதல் தேவைதான். அது பெற்றோர் ஒப்புதலுக்கும் மாணவர் சம்மதத்துக்கும் மாற்றாகாது.

5. மறுத்தவரைப் பற்றியும் முடிவு பேசிவிடும், ஜாக்கிரதை

மரபணு ஆய்வில் மட்டும் வரும் சிக்கல் இது. அப்பாவின் இரண்டு மரபணுப் பிரதிகளிலும் சிக்கிள் மாற்றம் இருப்பதாக முடிவு வருகிறது என்று வையுங்கள். அவர் பெற்ற பிள்ளை ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு பிரதியையாவது சுமக்கும். ரத்தமே கொடுக்காத மகளைப் பற்றியும் தெரிந்துவிட்டது! ஒரே கரு இரட்டையரில் ஒருவர் கொடுத்து மற்றவர் மறுத்தாலும் இதே கதைதான்.

ஆகவே குடும்ப மரபுப் படத்தில் மறுத்தவரைக் குறிக்கும் வட்டத்தையோ சதுரத்தையோ உங்கள் யூகத்தால் நிரப்பாதீர்கள். முடிவைக் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் வாசிக்காதீர்கள். யாருடைய முடிவோ அவரிடம் மட்டும், மரபணு ஆலோசகரை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தெரிந்துகொள்ளவோ வெளியே சொல்லவோ விரும்பாமை அறியாமையால் வருவது என்று நினைப்பவர்கள் நான்சி வெக்ஸ்லரைப் பற்றிப் படிக்க வேண்டும். அவருடைய தாயாருக்குப் பரம்பரை மூளை நோயான ஹண்டிங்டன் இருந்தது. அப்படிப்பட்டவரின் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வர ஐம்பது சதவீத வாய்ப்பு. வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்களில் ரத்தம் சேகரித்த குழுவை வழிநடத்தி, 1983இல் அந்த நோய்க்கான மரபணு இருக்கும் இடத்தையும் 1993இல் மரபணுவையும் கண்டறிய உதவியவர் அவர். பரிசோதனைக்கு வழிதிறந்த அவரே தம் நிலையைப் பல ஆண்டுகள் தமக்குள்ளேயே வைத்திருந்தார். அந்த நோய் தமக்கும் இருப்பதை 2020இல்தான் வெளியே சொன்னார். பெரியவர்களான பிறகு வரும் இத்தகைய நோய்க்கு, அறிகுறியே இல்லாத சிறுவர்களை முன்கூட்டிச் சோதிக்க வேண்டாம் என்பதே உலக வழக்கம்.

6. மறுப்பையும் எழுதுங்கள்

வீட்டு எண், வயது, தேதி, ‘மறுத்தார்’. அவ்வளவு போதும். காரணத்தை அவராகச் சொன்னால் மட்டும் குறியுங்கள். எத்தனை பேரை அணுகினோம், எத்தனை பேர் சேரவில்லை என்பதை ஆய்வுக் கட்டுரையில் தெரிவிக்கச் சொல்கின்றன பன்னாட்டு அறிக்கை நெறிகள். உங்கள் பதிவேடு இல்லாமல் அந்த எண்ணிக்கையைத் தர முடியாது. மறுத்தவரை ‘வீட்டில் இல்லை’ என்று எழுதுவது பொய்த் தரவு. அண்ணன் ரத்தத்தைத் தம்பி பெயரில் நிரப்புவது மோசடி, ஆய்வகத்தில் பிடிபடலாம்.

டார்கெட் நெருக்கும் மேலதிகாரி “எப்படியாவது எடுத்துட்டு வா” என்றால், வீட்டில் நடந்ததை அன்றே மின்னஞ்சலில் தெரிவித்து, என்ன செய்யலாம் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்து என்றதும் பல கட்டளைகள் மென்மையாகிவிடும். அதற்கும் அசையாவிட்டால், பங்கேற்பாளர் தகவல் தாளில் அச்சிட்டிருக்கும் நெறிமுறைக் குழுவின் எண்ணுக்கு நீங்களும் பேசலாம்.

7. பதினெட்டில் மறுபடி கேளுங்கள்

சிறுவயதில் சேர்ந்து தொடர்ந்து வருபவருக்கு 18 நிரம்பியதும் அவர் பெயரிலேயே புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். இடையில் விலகவும் அவருக்கு உரிமை உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1990களின் முற்பகுதியில் தொடங்கிய ‘தொண்ணூறுகளின் குழந்தைகள்’ ஆய்வு, கர்ப்பிணிகளைச் சேர்த்து அவர்கள் பிள்ளைகளைத் தொடர்ந்தது. அந்தப் பிள்ளைகள் பதின்வயதை எட்டியபோது அவர்களிலிருந்தே ஒரு ஆலோசனைக் குழுவை அமைத்துக் கருத்துக் கேட்டது. நீண்டகால ஆய்வு பிழைப்பது திரும்பி வருபவர்களால்தான். பதினைந்தில் கையை இழுத்துப் பிடித்து எடுத்தவர் இருபத்தைந்தில் உங்கள் போனை எடுக்க மாட்டார்.

8. நேர்காணலில் கேட்டால்

“பெற்றோர் சரி என்கிறார்கள், பிள்ளை மறுக்கிறது. என்ன செய்வீர்கள்?” ஆய்வு ஒருங்கிணைப்பாளர், களப்பணியாளர் வேலைகளுக்கு எதிர்பார்க்க வேண்டிய கேள்வி இது. “பேசிச் சம்மதிக்க வைப்பேன்” என்பது தவறான விடை. இந்த வரிசையில் சொல்லுங்கள்: எடுக்க மாட்டேன்; தகவலை ஒருமுறை விளக்குவேன்; பிள்ளைக்குத் திட்டு விழாமல் பெற்றோரிடம் பேசுவேன்; பதிவேட்டில் எழுதுவேன்; மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன். ஐந்தையும் ஒரு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள்.

ஒரு மாதிரி குறைந்தால் புள்ளியியலாளர் சமாளித்துக்கொள்வார். கட்டாயப்படுத்தி எடுத்தார்கள் என்ற பேச்சு தெருவில் பரவினால் எந்தப் புள்ளியியலாலும் சமாளிக்க முடியாது. அடுத்த வீட்டு வாசலை மிதிக்கும் முன், இந்த வீட்டு மறுப்பை எழுதி முடித்துவிடுங்கள்.