சென்சார் காட்டும் எண்ணும் பெற்றோரின் நிதானமும்

அன்பு மகளுக்கு,

ஒரு பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு என்று உறுதியானவுடன் வீட்டில் முதலில் எழுவது, யார் செய்த தவறு இது என்ற கேள்வி. எவரும் செய்த தவறன்று என்பதே மருத்துவம் அதற்குத் தரும் விடை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுவதால் இந்நோய் உண்டாகிறதேயன்றி, தின்ற இனிப்பினாலோ கருவுற்றிருந்த காலத்தில் தாய் உண்ட உணவினாலோ அன்று. 1922 சனவரியில் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்படும் வரை, இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. இன்று அவர்கள் படித்து, விளையாடி, மணம் முடித்து முழு வாழ்வு வாழ்கிறார்கள். ஆகவே, பேரனுடைய தாயாகிய நீ பழியைச் சுமக்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்ளும் பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும்.

கற்க வேண்டியவற்றுள் முதலாவது, பேரனின் கையில் ஒட்டப்பட்டுள்ள சென்சார் எதை அளக்கிறது என்பது. தோலுக்கடியில் நிற்கும் அதன் மெல்லிய இழை, இரத்தத்தின் சர்க்கரையை அன்று, செல்களுக்கிடையே உள்ள திரவத்தின் சர்க்கரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து கைப்பேசிக்கு அனுப்புகிறது. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அத்திரவத்தை எட்ட ஏறத்தாழ 5 முதல் 10 நிமிடம் பிடிப்பதால், சர்க்கரை விரைவாக ஏறும்போதும் இறங்கும்போதும் சென்சாரின் எண் சற்றுப் பின்தங்கியே வரும். எனவே எண்ணைவிட அதன் அருகிலுள்ள அம்புக்குறி முக்கியமானது. கிடையாக நிற்கும் அம்புடன் வரும் 110 அமைதிக்குரியது, நேர்கீழே இறங்கும் அம்புடன் வரும் அதே 110 உடனே கவனிக்கத் தக்கது. பிள்ளை சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால், சர்க்கரை குறையாமலேயே குறைந்ததுபோல் நள்ளிரவில் எச்சரிக்கை ஒலிப்பதும் உண்டு. எண்ணும் பிள்ளையின் நிலையும் ஒவ்வாதபோது, விரல் நுனியில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்ப்பதே முறை.

இக்கருவி தரும் நன்மை பெரிது. அதனுடன் வரும் ஆபத்து அவசரம். உணவுக்கு முன் போடப்படும் விரைவு இன்சுலின் நான்கு மணி நேரம் வரை உடலில் வேலை செய்யும். இரவு எட்டு மணிக்குத் தின்ற பொரித்த பரோட்டாவின் எண்ணெய் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், பத்து மணிக்கு மேல் திரையில் கோடு ஏறத் தொடங்கும். அதைக் கண்டு பதறி ஓர் ஊசியும், ஒரு மணி நேரத்தில் இறங்கவில்லையே என்று மற்றோர் ஊசியும் போட்டால், இரண்டும் சேர்ந்து விடியற்காலையில் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். 1961 வரை நம் தூத்துக்குடிக் கடலில் நடந்த முத்துக்குளிப்பில், தோணியில் நின்று கயிறு பிடித்தவர் கயிறு அசைந்தபோதெல்லாம் இழுத்திருந்தால் மூழ்கியவர் ஒரு சிப்பியும் அள்ளியிருக்க முடியாது. சைகைக்குக் காத்திருப்பதும், அது வந்த கணத்தில் தாமதியாமல் இழுப்பதுமே கயிறு பிடித்தவருடைய திறன். பெற்றோருக்கு வேண்டியதும் அத்தகைய நிதானமே.

தாமதியாமல் இழுக்க வேண்டிய சைகைகள் இரண்டு. ஒன்று, வீடுகளில் லோ சுகர் எனப்படும் தாழ்சர்க்கரை, அதாவது இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் நிலை. வியர்வை, நடுக்கம், காரணமற்ற எரிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து, பெரிய பிள்ளைக்கு 15 கிராமும் சிறு பிள்ளைக்கு எடைக்கேற்ப மருத்துவர் சொன்ன குறைந்த அளவும் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். தூத்துக்குடி மக்ரூன் என்னும் இனிப்பு இதற்கு உதவாது. அதன் முந்திரிக் கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. குளுக்ககான் மருந்து கைவசமிருந்தால் கற்றபடி கொடுத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மற்றொன்று, இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்க, அதனால் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் இரத்தத்தில் பெருகும் நிலை. சர்க்கரை 250க்கு மேல் நின்று, வாந்தியும் வயிற்றுவலியும் ஆழ்ந்த பெருமூச்சும் கண்டால் அது உயிருக்கு ஆபத்தான அவசரநிலை. காய்ச்சலில் பிள்ளை சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை அடியோடு நிறுத்துவதும், நாட்டு மருந்தை நம்பி ஊசியைக் கைவிடுவதுமே பெரும்பாலும் இந்நிலைக்கு வழிவிடுகின்றன. உடன்குடிக் கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்று அன்போடு சொல்லும் உறவினர்களிடம், கருப்பட்டியும் சர்க்கரையே, அதற்கும் இன்சுலின் கணக்கு உண்டு என்று பணிவோடு சொல்லிவிடுவது நல்லது.

தூத்துக்குடியின் வெயிலையும் உப்புக்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வியர்வையில் சென்சாரின் ஒட்டு நெகிழ்வதால், ஒட்டும் இடத்தை எண்ணெய்ப்பசையின்றித் துடைத்து நன்கு உலரவிட்டுப் பொருத்தி, மேலே ஒரு பட்டை ஒட்டுவது உதவும். திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில், உறைபகுதிக்கு அப்பால், 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். மின்சாரம் இல்லாத வேளையில் ஈர மணல் சூழ வைத்த மண்பானை கைகொடுக்கும். பனிமய மாதா திருவிழா நடைபெறும் சூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரையிலான நாள்களில் பிள்ளைகள் நெடுநேரம் நடந்து திரிவதால் சர்க்கரை இறங்கக்கூடும். குளுக்கோஸ் பொட்டலம் பேரனின் சட்டைப்பையிலேயே இருப்பது நலம்.

பள்ளியிடம் தயங்காமல் பேச வேண்டும். பொதுத்தேர்வு அறைக்குள் முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர் சிற்றுண்டி கொண்டுசெல்ல மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இலேயே அனுமதித்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் 2023இல் இவ்வுரிமையை வலியுறுத்திக் கல்வி வாரியங்களுக்கு எழுதியது. செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு சென்சாரின் விலை சில ஆயிரம் ரூபாய். அதுவும் இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிடும். கேரளம் ‘மிட்டாயி’ திட்டத்தின்மூலம் இப்பிள்ளைகளுக்குக் கருவிகளை அரசுச் செலவில் தருவதுபோல் எங்கும் கிடைக்கும் காலம் வர வேண்டும். அதுவரை, தொடர்ந்து வாங்க இயலாவிட்டால், மருத்துவரைக் காணுமுன் ஒரு சென்சாரை அணிவித்து, சர்க்கரை ஏறி இறங்கும் வடிவத்தை அறிந்துகொண்டு, மற்ற நாள்களில் உணவுக்கு முன்னும் படுக்குமுன்னும் விரல்நுனிச் சோதனையைத் தவறாமல் செய்தாலே பிள்ளையை நன்றாகக் காக்கலாம்.

நாளின் 70 சதவீதம், அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம், சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையில் இருப்பதே 2019இல் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த பொது இலக்கு. முழு நாளும் அவ்வாறிருக்க வேண்டும் என்று அவர்களே கேட்கவில்லை. ஆகையால் 250ஐக் கண்டவுடன் ‘என்ன தின்றாய்?’ என்று பேரனை அதட்டலாகாது. அதட்டப்படும் பிள்ளை எண்ணை மறைக்கக் கற்றுக்கொள்ளும், மறைத்த எண்ணுக்கு எந்தக் கருவியாலும் உதவ இயலாது. இன்று அம்புக்குறியைப் படிக்கவும், அடுத்து உணவின் மாவுச்சத்தைக் கணக்கிடவும், பின்னர்த் தானே ஊசி போடவும் என்று வயதுக்கேற்பப் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்துவர வேண்டும். தந்தையும் தாயும் இரவுக் காவலை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். உறங்கி எழுந்த தாயால்தான் நெடுங்காலம் நிதானம் காக்க முடியும்.

எல்லா நலமும் பெருக.

என்றும் நலம் நாடும்
பெரியப்பா
தூத்துக்குடி