அஞ்சல் வழியில் பட்டம்: முதல் பருவத்தைச் சமாளிக்க

இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) சேர்ந்து புத்தகக் கட்டு வந்ததும், பிரித்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைப்பதுதான் பலருடைய வழக்கம். பாதிப் பருவம் அங்கேயே போய்விடும். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 4 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். ஆறு மாதத்துக்குப் பிரித்தால் வாரம் சுமார் 5 மணி நேரம். இதை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு எடுபடாது. தினமும் விடியற்காலையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். செல்போன் பக்கத்து அறையில் இருக்கட்டும்.

முதலில் அசைன்மென்ட் கேள்விகளைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான படிப்புகளில் அதற்கு 30 சதவீத மதிப்பெண் உண்டு. கேள்வியை மனதில் வைத்துப் பாடத்தைப் படித்தால் எங்கே நின்று வாசிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். விடையைச் சொந்த நடையில் கையால் எழுதுங்கள்; தேர்வுக்குக் கை பழகும். எழுதிவைத்த விடைகளை விலைக்கு விற்கிறார்கள். வாங்கினால் காசுக்குத்தான் கேடு, தேர்வறையில் அது கைகொடுக்காது.

பாடத்தின் நடுவே வரும் பயிற்சி வினாக்களைத் தாண்டிப் போகாதீர்கள். புத்தகம் வரத் தாமதமானால் இக்னோவின் இ-ஞானகோஷ் இணையதளத்தில் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கும். அசைன்மென்ட் கொடுத்ததற்கான ரசீதை மட்டும் மதிப்பெண் ஏறும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.