சுவிட்ச்சுக்குக் கிரீஸ் போட்டால் என்ன மாறும்?

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது, "சுவிட்ச்சை லூப் பண்ணணுமா?", அதாவது கிரீஸ் தடவ வேண்டுமா என்று. பண்ணினால் வித்தியாசம் தெரியும்; எல்லாச் சுவிட்ச்சிலும் அல்ல. டைப்பிங் வேகம் கூடாது. மாறுவது விரலில் படும் உரசலும், ஸ்பிரிங்கின் ரீங்காரமும்தான். இடையில் தட்டாமல் நேராக இறங்கும் இப்போதைய லீனியர் சுவிட்ச்சுகள் பலவும் கம்பெனியிலேயே கிரீஸ் தடவி வருகின்றன. அவற்றைப் பிரிப்பது வீண்வேலை. 'கிளிக்' சத்தத்துக்காகவே வாங்கிய நீலச் சுவிட்ச்சைத் தொடாதீர்கள், அந்தச் சத்தமே மங்கிவிடும்.

முதலில் ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் கோளாறு சுவிட்ச்சில் இல்லை, நீளச் சாவியைத் தாங்கும் ஸ்டெபிலைசரில். அதன் கம்பி பிளாஸ்டிக்குக்குள் நுழையும் இரு முனையிலும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வையுங்கள். பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

பிறகும் கரகரப்பு இருந்தால், அதிகம் தட்டும் நான்கு சுவிட்ச்சை மட்டும் கழற்றுங்கள். சுவிட்ச்சை அப்படியே பிடுங்கி மாட்டக்கூடிய ஹாட் ஸ்வாப் போர்டில் இது எளிது. சால்டர் வைத்த போர்டென்றால் விட்டுவிடுவதே நல்லது.

நாகமலை புதுக்கோட்டையில், அதுவும் தேனி ரோட்டோரம் இருப்பவர்களுக்குத் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். கிரீஸில் ஒட்டிய தூசி, கிரீஸே போடாததைவிட மோசம். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். அதனால் வெயில் ஏறுமுன் காலையிலேயே முடிப்பது உத்தமம்.

கழற்றிய சுவிட்ச்சின் மேல்மூடிக் கொக்கிகளை விடுவித்துத் திறவுங்கள். லீனியருக்கு கிரைட்டாக்ஸ் 205 கிரேடு 0, அழுத்தும்போது நடுவில் ஒரு மேடு தட்டுப்படும் டாக்டைலுக்கு இன்னும் இளகிய ட்ரைபோசிஸ் 3203. பூஜ்ஜியம் நம்பர் பிரஷ்ஷில் அடிமூடியின் இரு தடங்கள், ஸ்பிரிங்கின் இரு நுனிகள், நடுத்தண்டான ஸ்டெம்மின் பக்கங்கள் ஆகியவற்றில் மெல்லிசாகத் தடவுங்கள். வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் அதிகம், துடையுங்கள். மின்தொடர்பு தரும் செப்புத் தகட்டில் படக்கூடாது. டாக்டைலில் ஸ்டெம்மின் கால்களையும் விட்டுவிடுங்கள். அந்த மேடு தட்டுப்படுவதே அவற்றால்தான். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், டபிள்யூடி-40 எதுவும் வேண்டாம்.

மூடியபின், தடவாத ஒன்றோடு மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். பல்கலை நகர் விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர் தூங்குவதற்காக இதைச் செய்கிறீர்களென்றால் பலனில்லை: சாவி அடியில் முட்டும் சத்தம் பெரிதாகக் குறையாது. அதற்கு சைலண்ட் சுவிட்ச்தான் வழி.

நான்கில் வித்தியாசம் தெரியாவிட்டால், மீதிச் சாவிகளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்காதீர்கள்.