ஓவியமும் டிஜிட்டல் ஊடகமும் படிக்க விரும்பும் பிள்ளைகள்: பெற்றோர் அறிய வேண்டியவை

 

பிளஸ் டூ முடிவுகள் வரும் நாட்களில் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் இன்ஜினியரிங், நர்சிங், பி.காம். பற்றித்தான் விசாரிப்பார்கள். சில ஆண்டுகளாக இன்னொரு கேள்வியும் வருகிறது. "பிள்ளை எந்நேரமும் படம் வரைந்துகொண்டே இருக்கிறான். அனிமேஷன், டிசைன் என்று ஏதோ படிக்க வேண்டுமாம். சேர்க்கலாமா? பிழைப்புக்கு ஆகுமா? மார்க்கத்தில் கூடுமா?" பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் இதையே கேட்கிறார்கள்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல இயலாது. ஆனால் எதையும் விசாரிக்காமல், பேருந்தில் ஒட்டிய விளம்பரத்தைப் பார்த்து, நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டிவிட்டு அதன்பின் யோசிப்பது குடும்பத்துக்குப் பெரும் சோதனையாகிவிடும். விசாரிக்காமலேயே "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று பிள்ளையின் நோட்டைக் கிழித்துப் போடுவதும் சரியல்ல. இரண்டுக்கும் நடுவே நிதானமாக முடிவெடுக்க உதவும் செய்திகளை இந்த இதழில் பாடமாகத் தருகிறோம்.

இது என்ன படிப்பு?

ஒரு பாடத்தையோ, கதையையோ, செய்தியையோ படத்தின் மூலம் விளங்க வைப்பதே விளக்கப்பட ஓவியம். ஆங்கிலத்தில் இலஸ்ட்ரேஷன் என்கிறார்கள். அறிவியல் புத்தகத்தில் இருக்கும் பூவின் குறுக்குவெட்டுப் படம், சிறுவர் கதைப் புத்தகத்தின் பக்கங்கள், மருந்தை எப்படி ஊற்றிக் கொடுப்பது என்று காட்டும் தாள், செல்போன் செயலியில் நாம் தொடும் சிறு சின்னம் எல்லாமே ஒருவர் வரைந்தவைதாம். அதே வேலையைத் திரைக்காகவும், அசையும் படமாகவும் செய்வது டிஜிட்டல் ஊடகம்.

தன் மனம் போன போக்கில் வரையும் ஓவியருக்கும் இவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இவர் பிறருடைய தேவைக்காக வரைகிறார். அளவு, நாள் கெடு, பார்க்கப்போகும் ஆள் யார் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். ஆகவே இதை ஒரு தொழிற்கல்வி என்றே கருத வேண்டும்.

நல்ல கல்லூரியில் முதல் ஆண்டில் கம்ப்யூட்டரை அதிகம் தொட விடமாட்டார்கள். பென்சில், கரி, நீர்வண்ணம் ஆகியவற்றால் வரையும் பயிற்சி, வெளிச்சமும் நிழலும், தூரத்தில் உள்ளது சிறிதாகத் தெரியும் கணக்கு, நிறங்களின் சேர்க்கை, எழுத்து வடிவம் ஆகியவைதாம் அடித்தளம். பிறகு பக்க வடிவமைப்பு, அச்சு முறைகள், மென்பொருட்கள் வரும்.

திரையில் தெரியும் நிறம் அச்சில் ஏன் மங்குகிறது என்பதை அங்கே கற்பார்கள். திரை, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் காட்டுகிறது. ஒன்றில் வரும் நிறமெல்லாம் மற்றதில் வராது. அசையும் படத்துக்கு, சினிமாவைப் போல விநாடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் திட்டமிட வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள்! பொறுமை இல்லாத பிள்ளைக்கு இது ஒத்துவராது.

எங்கே படிக்கலாம்?

சென்னை பெரியமேட்டில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி நாட்டின் பழமையான ஓவியக் கல்விக்கூடங்களில் ஒன்று. 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் தொடங்கினார். 1852ல் அரசு ஏற்றுக்கொண்டது. மெரினாவில் நாம் பார்க்கும் உழைப்பாளர் சிலையை உருவாக்கிய ராய் சௌத்ரி நெடுங்காலம் இதன் முதல்வராக இருந்தார். இங்கு நான்காண்டு பி.எஃப்.ஏ. பட்டப்படிப்பில் ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் பிரிவும் உண்டு. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உள்ளது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணச் சுமை தனியாரோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. சேர, வரைந்து காட்டும் நுழைவுத் தேர்வு உண்டு.

தேசிய அளவில் அகமதாபாத்தில் 1961ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) உள்ளது. நமக்கு அருகில் ஆந்திராவிலும் ஒரு என்.ஐ.டி. இருக்கிறது. ஐ.ஐ.டி.க்கள் சிலவற்றில் பி.டெஸ். என்ற நான்காண்டுப் படிப்பு உண்டு. அதற்கு மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் தேர்வை எழுத வேண்டும். இதில் ஒரு பகுதி கம்ப்யூட்டரில் விடையளிப்பது, இன்னொரு பகுதி கையால் வரைவது. கணிதமோ அறிவியலோ எடுத்தவர்கள் மட்டுமே எழுதலாம் என்பதில்லை. வணிகவியல், கலைப் பிரிவுப் பிள்ளைகளும் எழுதலாம். வயது வரம்பு இருப்பதால், பிளஸ் ஒன் படிக்கும்போதே விதிகளைப் பார்த்துவிடுவது நல்லது.

கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் பி.எஸ்ஸி. விஷுவல் கம்யூனிகேஷன் என்ற மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. அதில் புகைப்படம், விளம்பரம், வீடியோ, பத்திரிகை எல்லாம் கலந்திருக்கும். வரைவது அதில் ஒரு பகுதிதான்.

சான்றிதழ் விற்கும் இடங்கள்

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். "100 சதவீத வேலை உத்தரவாதம்" என்ற பலகையோடு நடக்கும் நிலையங்களில் எல்லாமே மோசம் என்று நாம் சொல்லவில்லை. மென்பொருளை மட்டும் கற்க ஆறு மாத வகுப்பு சிலருக்குப் போதும். ஆனால் டிப்ளமோ சான்றிதழ் பட்டத்துக்கு ஈடாகாது. மேற்படிப்புக்கோ, பட்டம் கேட்கும் அரசு வேலைக்கோ அது உதவாது. "பட்டமும் தருகிறோம்" என்று சொன்னால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம், அது யு.ஜி.சி. அங்கீகாரம் உள்ளதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவே பதில்.

இப்படிப்பட்ட இடங்களில் கட்டணத்துக்குக் கடனும் அவர்களே ஏற்பாடு செய்து தருவார்கள். "மாதத் தவணைதான்" என்ற இனிப்பான பேச்சுக்குள் வட்டி ஒளிந்திருக்கும். ஹலாலான பிழைப்புக்காகப் படிக்கும் படிப்பை வட்டியில் தொடங்க வேண்டாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

உயிருள்ளவற்றின் உருவங்களை உண்டாக்குவோர் பற்றி ஹதீஸ்களில் கடுமையான எச்சரிக்கை வந்துள்ளது. பிள்ளையின் ஆசைக்காக அதை மறைத்துப் பேசுவது அமானிதமாகாது. சிலை வடிப்பது, கையால் வரைவது, புகைப்படம், திரையில் வரும் படம் ஆகியவற்றுக்குள் உலமாக்கள் வேறுபாடு காண்கிறார்கள். அவர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மை வைத்து விளையாடியது தடுக்கப்படவில்லை என்ற செய்தியிலிருந்து, குழந்தைகளுக்கான பொம்மைகளில் சலுகை கண்ட அறிஞர்களும் இருக்கிறார்கள். ஃபத்வா கொடுப்பது இந்த இதழின் வேலையல்ல. உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

ஆனால் ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறோம். படம் வரைந்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தார். அவர்கள் அந்த எச்சரிக்கையைச் சொன்னார்கள், வந்தவர் கலங்கிப்போனார். அப்போது, இதைச் செய்தே ஆகவேண்டும் என்றால் மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் வரையும்படி வழிகாட்டினார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. தடையைச் சொன்னவர்கள் வழியையும் காட்டி அனுப்பினார்கள் என்பதில் பெற்றோருக்குப் பாடம் இருக்கிறது.

அந்த வழி குறுகியது அல்ல. கொர்டோபாவின் மருத்துவர் அஸ்ஸஹ்ராவி சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு தம் மருத்துவ நூலில் ஏறத்தாழ 200 அறுவைக் கருவிகளின் படங்களைச் சேர்த்தார். அல்இத்ரீஸி 1154ல் உலக வரைபடம் தந்தார். அல்ஜஸரீ 1206ல் நீர் இறைக்கும் இயந்திரங்களைப் படங்களோடு விளக்கினார். 940ல் மறைந்த இப்னு முக்லா, பேனா முனையின் புள்ளியை அளவுகோலாக வைத்து அரபி எழுத்துகளுக்கு விகிதம் வகுத்தார். இன்று வரைபடம், இயந்திர விளக்கம், கட்டிடம், தாவரம், எழுத்துரு, பொருட்களின் உறை, செயலித் திரை, புள்ளிவிவரப் படம் என்று இந்தத் துறையின் பெரும் பகுதி இந்த வழியிலேயே அடங்கிவிடுகிறது.

மறைக்கக் கூடாத மறுபக்கமும் உண்டு. கலைக் கல்லூரிகளில் மனித உருவம் வரைவது பாடத்தின் பகுதி; ஆளை எதிரில் அமர வைத்து வரையும் வகுப்பும் இருக்கும். அந்த வகுப்பு எப்படி நடக்கும், எது கட்டாயம், எது விருப்பம் என்பதைச் சேருமுன் கல்லூரியிலேயே நேரில் கேளுங்கள். பாதியில் தெரிந்து படிப்பை நிறுத்துவதைவிட அது மேல்.

பிழைப்புக்கு ஆகுமா?

பாடப்புத்தகப் பதிப்பகங்கள், சிவகாசி போன்ற அச்சு மையங்கள், விளம்பர நிறுவனங்கள், இணையவழிக் கல்வி நிறுவனங்கள், செயலி உருவாக்கும் நிறுவனங்கள் ஆகியவற்றில் வேலை உண்டு. ஆனால் இன்ஜினியரிங் போல வளாகத் தேர்வில் மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ண வேண்டாம். முதல் சில ஆண்டுகள் வருமானம் குறைவாகவே இருக்கும்.

வேலை தருபவர் மதிப்பெண் பட்டியலைவிட முதலில் பார்ப்பது போர்ட்ஃபோலியோ எனப்படும் படைப்புத் தொகுப்பைத்தான். 50 படங்களைத் திணிப்பதைவிடத் தேர்ந்த 15 படங்கள் போதும். ஒரு படம் எந்தத் தேவைக்காக, எப்படிப் படிப்படியாக உருவானது என்பதையும் அதில் காட்ட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இப்போது நொடியில் படம் தருகிறது. வாழ்த்து அட்டை, சாதாரண போஸ்டர் போன்ற சில்லறை வேலைகளை அது பிடித்துக்கொண்டு வருகிறது. கேட்பவரின் தேவையைப் புரிந்து, பாடத்தைச் சரிபார்த்து, பிழையில்லாமல் வரைபவருக்கு இன்னும் இடம் இருக்கிறது. சுமாராக வரைபவருக்கு அது குறைந்துகொண்டே போகிறது.

பெண் பிள்ளைகள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் ஓரிரு ஆண்டாவது மூத்தவர்களோடு பணியாற்றினால்தான் தொழிலின் நெளிவு சுளிவு பிடிபடும். தனியாக வேலை எடுக்கும்போது கூலி, முன்பணம், எத்தனை முறை திருத்தம் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வது அவசியம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி குர்ஆனே நமக்குக் கற்றுத் தருகிறது.

சேர்க்கும் முன் செய்ய வேண்டியவை

1. ஆறு மாதம் தினமும் ஒரு மணி நேரம் வரையச் சொல்லுங்கள். செலவு ஒரு நோட்டும் பென்சிலும்தான். ஆசை நிலைக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

2. விலை உயர்ந்த கம்ப்யூட்டரை முதலில் வாங்காதீர்கள். கிரிட்டா, இங்க்ஸ்கேப், பிளெண்டர் ஆகிய மென்பொருட்கள் சட்டப்படியே இலவசம். திருட்டு மென்பொருள் பிறர் உழைப்பைத் திருடுவதாகும்.

3. அந்தப் படிப்பை முடித்தவர்கள் இருவரிடமாவது நேரில் பேசுங்கள். கல்லூரி காட்டும் ஆட்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

4. அரசுக் கல்லூரிகளுக்கும் தேசியத் தேர்வுகளுக்கும் முதலில் விண்ணப்பியுங்கள். தனியாரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. மார்க்க வரம்பு பற்றி ஆலிமிடம் பேசி, எந்த வகை வேலையை ஏற்பது, எதை விடுவது என்று பிள்ளையோடு சேர்ந்து முன்பே முடிவு செய்யுங்கள்.

இந்தப் படிப்புக்கான கல்வி உதவி விண்ணப்பங்களையும் நமது டிரஸ்ட் மற்ற படிப்புகளைப் போலவே பரிசீலிக்கும். விண்ணப்பத்தோடு பிள்ளை வரைந்த பத்துப் படங்களையும் கொண்டுவாருங்கள்.

பிள்ளையின் கையில் இருக்கும் திறமை அல்லாஹ் கொடுத்த அமானிதம். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவனுக்கும் அவளுக்கும் காட்ட வேண்டியது நம் பொறுப்பு. பயனுள்ள கல்வியையும் தூய்மையான வாழ்வாதாரத்தையும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.