பெருங்குடற் பாலிப்புகளைப் புலப்படுத்தும் சாயமும் ஒளியும்

பெருங்குடலின் உட்சுவரில் சிலருக்குச் சதைமொட்டுப் போன்ற வளர்ச்சிகள் தோன்றுவதுண்டு. இவற்றை மருத்துவர் பாலிப் என வழங்குவர். பெரும்பாலானவை தீங்கின்றியே இருந்துவிடும். ஆயினும் அடினோமா எனப்படும் வகையைச் சேர்ந்த சில, பத்தாண்டு அளவிலோ அதற்கு மேலோ மெல்ல மாறிப் புற்றுநோயாகக் கூடும். கொலோனாஸ்கோப் என்னும் வளையுங் குழாய்க் கருவியின் வழியே கம்பிச் சுருக்கைச் செலுத்தி, வயிற்றைக் கீறாமலே பாலிப்பை அறுத்தெடுக்கும் முறையை 1969-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் உல்ஃப் ஆகிய மருத்துவர்கள் கையாண்டனர். அடினோமாக்கள் அகற்றப்பட்டோரிடையே பெருங்குடற் புற்றுநோய் எதிர்பார்த்ததினும் 76 முதல் 90 விழுக்காடு வரை குறைந்திருந்ததென 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

அகற்றுதற்கு முன்னர்க் காணுதல் வேண்டுமன்றோ? இடர்ப்பாடு இங்குதான் உளது. ஒரே நோயாளியை அடுத்தடுத்து இருமுறை சோதித்த ஆய்வுகளை 2006-இல் தொகுத்து நோக்கியபோது, முதற் சோதனையில் பாலிப்புகளுள் ஏறத்தாழ 22 விழுக்காடு கண்ணுக்குத் தப்பியிருந்தமை தெரியவந்தது. 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றில் தப்பியவை 2 விழுக்காடே. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டவற்றில் 26 விழுக்காடு. சிறுமை மட்டுமே காரணமன்று. தட்டையாகப் படர்ந்தும், சூழ்ந்துள்ள படலத்தின் நிறத்தையே கொண்டும், சளியால் மூடப்பட்டும் சில கிடக்கும். இளஞ்சிவப்புச் சுவரில் இளஞ்சிவப்புத் தடிப்பு எங்ஙனம் தெரியும்?

இதற்குக் கண்ட முதல் வழி சாயம் தெளித்தல். இண்டிகோ கார்மைன் என்னும் நீலச்சாயத்தை நீரிற் கரைத்துக் குடற்சுவரின்மீது தெளிப்பர். அது திசுக்களால் உறிஞ்சப்படுவதில்லை. பள்ளங்களில் தேங்கி நிற்கும். விரல் நுனியில் மை தடவி மேலாகத் துடைத்தால் ரேகைகளின் இடையே மை தங்கி, அதுவரை புலப்படாத வரிகள் தெளிவாகும். வகுப்பில் எளிதிற் செய்து காட்டத்தக்க இச்சோதனையே இம்முறையின் தத்துவம். இவ்வாறு தெளிவுறும் நுண்குழிகள் வட்டமாயினும், விண்மீன் வடிவாயினும், நீண்டவையாயினும், உருக்குலைந்தவையாயினும் அவற்றால் பாலிப்பின் தன்மையை ஊகிக்கலாமென ஜப்பானிய மருத்துவர் குடோ 1990-களில் வகைப்படுத்தினார். நெடுநாள் குடற்புண் அழற்சியால் வருந்துவோரைக் கண்காணிப்பதில் சாயமுறை இன்றும் மதிக்கப்படுகிறது. எனினும் குடல் முழுவதும் தெளிக்கக் காலம் பிடிக்கும்.

சாயமின்றி ஒளியாலேயே இவ்வேறுபாட்டைக் காட்டும் முறைக்குக் குறும்பட்டை ஒளிப்படிமம் என்று பெயர். ஜப்பானில் உருவாகி, 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இது வழக்கிற்கு வந்தது. வெண்ணொளியில் 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களையொட்டிய நீல, பச்சை ஒளிகளை மட்டும் வடிகட்டி அனுப்புவர். குருதியிலுள்ள ஹிமோகுளோபின் இவ்விரண்டையும் மிகுதியாக உறிஞ்சும். நீல ஒளி மேற்படலத்தைத் தாண்டி ஆழமாகச் செல்லாமையால் அங்குள்ள மெல்லிய குருதிக் குழாய்கள் பழுப்பு நிறமாகத் தோன்றும். பச்சை ஒளி சற்று ஆழச்சென்று பெரிய குழாய்களைக் காட்டும். வெள்ளைத்தாளில் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு, அதை நீலக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்க்கும் மாணவன் கோடு கறுத்துத் தோன்றுவதைக் கண்டு இதனை உணர்வான். அடினோமாவில் குருதிக் குழாய்கள் மிகுந்திருப்பதால் அது பழுப்புத் திட்டாகத் தனித்து நிற்கும்.

கண்டபின் மதிப்பிடுதலும் இவ்வொளியாலேயே இயலும். நிறம், குழாய்களின் அமைப்பு, மேற்பரப்பின் கோலம் ஆகிய மூன்றும் நோக்கப்படும். சூழ்ந்த படலத்தை ஒத்தோ அதனினும் வெளிறியோ இருப்பது பெரும்பாலும் தீங்கற்றது. பழுப்பாய், வெண்ணிறக் கோலங்களைக் குழாய்கள் சூழ்ந்து நிற்பது அடினோமா. கருமை மிகுந்து, கோலம் சிதைந்து, குழாய்கள் அறுபட்டுத் தோன்றினால் நோய் ஆழ ஊடுருவியிருக்கலாம். அத்தகையதைச் சுருக்கிட்டு அறுத்தல் தகாது. அறுவை மருத்துவரிடம் அனுப்புதலே முறை. ஒரு நோக்கில் செய்யும் இம்முடிவில் நோயாளியின் உயிரே அடங்கியிருத்தல் கூடும். ஆதலால் அகற்றப்பட்ட திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து உறுதி செய்யும் வழக்கம் பொதுவாகக் கைவிடப்படவில்லை.

புதிய கருவி இருப்பின் போதும் எனக் கருதலாகாது. பல ஆய்வுகளின் விவரங்களை ஒருங்குதிரட்டி 2019-இல் வெளியான பகுப்பாய்வில், வெண்ணொளியினும் குறும்பட்டை ஒளியால் அடினோமா கண்டவர் தொகை சற்றே மிகுந்தது. குடல் மிக நன்றாகத் துப்புரவாக்கப்பட்டிருந்தபோது அப்பயன் கூடிற்று. மலம் எஞ்சிய குடலில் எவ்வொளியும் பயன்படாது. பேதிக் கரைசலின் ஒரு பாதியை முன்னாளிரவும் மறுபாதியைச் சோதனை நாட்காலையிலும் பருகுவது ஏன் என்பதைக் களப்பணியாளர் நோயாளிக்குப் பொறுமையுடன் எடுத்துரைத்தல் வேண்டும். முழுவதையும் பருகாமல் வரும் நோயாளியால் பெருஞ்செலவான கருவியும் வீணாகும்.

கருவியைப் பின்னிழுத்துக்கொண்டே தேடுவது வழக்கம். இதற்குச் சராசரி 6 நிமிடத்திற்குக் குறையாமல் செலவிட்ட மருத்துவர்கள் 28.3 விழுக்காடு நோயாளிகளிடமும், அதனினும் விரைந்தோர் 11.8 விழுக்காட்டினரிடம் மட்டுமே கட்டிகளைக் கண்டனர் என 2006-இல் அமெரிக்காவில் அறியப்பட்டது. அண்மையில் கணிப்பொறியும் துணைக்கு வந்துள்ளது. திரையில் ஐயத்திற்குரிய இடத்தைக் கட்டமிட்டுக் காட்டும் கருவியை 2021-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதன்முறையாக அனுமதித்தது. ஆனால் குடல்மடிப்பின் பின்னே, காமிராவின் முன் வராத பாலிப்பை அது சுட்டிக் காட்ட இயலாது. மடிப்பை விலக்கிப் பார்க்கும் வேலை இன்னும் மருத்துவரின் கையிலேயே உள்ளது.