சிறிய போர் விமானமும் அதன் உதிரி பாகங்களும்

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது என்று படித்திருப்பீர்கள். 11 கிலோமீட்டர் உயரத்தில் கடுங்குளிர். அங்கே அது சுமார் 295 மீட்டராகக் குறைந்துவிடும். அந்த உயரத்தில் ஒலியைப்போல் 1.6 மடங்கு வேகத்தில் பறக்க வல்லது அமெரிக்காவின் நார்த்ராப் நிறுவனம் செய்த எஃப்-5ஈ. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இதன் ஜே-85 என்ற ஜெட் எஞ்சின் முதலில் போர் விமானத்துக்காகச் செய்யப்பட்டதே அன்று. குண்டுவீச்சு விமானத்திலிருந்து ஏவப்பட்டு, எதிரியின் ராடாரை ஏமாற்றும் சிறு பொய் விமானத்துக்காகச் செய்யப்பட்டது. ஒருமுறை பறந்து அழியவேண்டிய எஞ்சின்! எஃப்-5ஈ-யில் உள்ளதன் எடை சுமார் 310 கிலோகிராம். தரும் உந்துவிசையோ 2,270 கிலோகிராம் எடைக்குச் சமம். ஏழு மடங்குக்கு மேல்! எப்படி? எஞ்சின் உறிஞ்சும் காற்று அதன் வாயின் பரப்பைப் பொறுத்தது. எடை கன அளவைப் பொறுத்தது. எல்லா அளவுகளையும் பாதியாக்கினால் பரப்பு நான்கில் ஒன்றாகும். கன அளவு எட்டில் ஒன்றாகிவிடும். சிறியதற்கே ஆதாயம்.

இந்த வகையின் முதல் விமானம் 1959 ஜூலை 30 அன்று பறந்தது. அன்றே ஒலியின் வேகத்தையும் கடந்தது. விலை குறைவு, பராமரிப்பு எளிது என்பதால் பல நாடுகள் இதைப் பெற்றன. 1987-இல் உற்பத்தி நின்றது. ஆனால் தேய்மானம் நிற்குமா?

ஒரு கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளையுங்கள். ஒடிந்துவிடும். அதை ஒடித்தது உங்கள் பலம் அல்ல, உலோகத்தின் களைப்பு. ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கை இப்படித்தான் வளைந்து மீள்கிறது. எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் தகடுகள் வெப்பத்தாலும் மையவிலக்கு விசையாலும் மெல்ல மெல்ல நீள்கின்றன. அதனால்தான் முக்கியமான பாகங்களுக்கு இத்தனை மணி நேரம் என்று ஆயுள் விதித்து, பறந்த மணிகளைப் பதிவேட்டில் குறித்து வருகிறார்கள். ரப்பர் வளையங்களோ, விமானம் பறக்காமல் நின்றாலும் கெட்டுப்போகும்.

1979-இல் ஈரானில் புரட்சி நடந்தது. அமெரிக்காவிலிருந்து உதிரி பாகங்கள் வருவது நின்றது. அடுத்த ஆண்டே ஈராக்குடன் போர்! ஒரு விமானத்தைப் பிரித்து இன்னொன்றைப் பறக்கவிட வேண்டியதாயிற்று. வியட்நாமிலும் இதே கதை. 1975-இல் வடக்குப் படையினர் கைப்பற்றிய எஃப்-5 விமானங்களில் ஒன்று சோவியத் யூனியனுக்குச் சென்று, மிக்-21 விமானத்துடன் மோதவிட்டுச் சோதிக்கப்பட்டது. வியட்நாமே வைத்துக்கொண்டவை பாகங்கள் கிடைத்தவரை பறந்தன.

பார்த்து அதேபோல் செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். நீள அகலத்தை அளந்துவிடலாம். அந்தக் கலப்பு உலோகத்தை எந்த வெப்பத்தில் காய்ச்சினார்கள், எவ்வளவு நேரத்தில் குளிரவிட்டார்கள் என்பதை அளவுகோல் சொல்லாது. ஈரான் விடவில்லை. 2018-இல் அது வெளியிட்ட கௌசர் விமானம் எஃப்-5-இன் சாயலிலேயே இருந்தது.

சுவிட்சர்லாந்தோ தன் விமானங்களை நன்கு பேணி வந்தது. அவற்றில் பலவற்றை 2000-க்குப் பிறகு அமெரிக்கக் கடற்படையே திரும்ப வாங்கிக்கொண்டது, பயிற்சியில் எதிரி வேடம் போடுவதற்காக!